படகின் பின்முனையில் நின்றவன்

புயலுக்குப் பிறகு அம்பாஜிபேட்டையில் விளக்குமாற்றுக்குப் பஞ்சமில்லை. தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. கால்வாய்க்கரை, ரோட்டோரம், கொல்லை என்று எங்கே பார்த்தாலும் மட்டை. பெண்கள் கத்தியும் பலகையுமாக உட்கார்ந்து ஈர்க்கு சீவினார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. எல்லார் வீட்டு மூலையிலும் புது விளக்குமாறு சாய்ந்திருந்தது.

மங்கதாயாரும் சீவிக்கொண்டிருந்தாள். விற்பதற்காக இல்லை. கை சும்மா இருந்தால் மனசு கடல் பக்கம் போய்விடும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அடித்த புயல் அது. அவளுடைய தம்பி சூரிபாபு சின்னலங்கா படகுத்துறையில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவன். ஆற்றில் வேலை இல்லாத நாட்களில் கூலிக்குக் கடலுக்குப் போவான். அன்றைக்குப் போனவன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. சின்னலங்காவில் அவர்கள் பிறந்த வீடு இருந்த இடத்தில் ஆறு ஓடியது. எப்போதோ எடுத்த ஒன்றிரண்டு போட்டோவும் வீட்டோடு போய்விட்டன. அம்மா செத்தபோது அவன் தவழுகிற குழந்தை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள்தான். இப்போது கண்ணை மூடினால் அவன் கை வருகிறது, நடை வருகிறது. முகம் மட்டும் சில நாட்களில் சரியாக வருவதில்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. மகள் கல்யாணமாகிக் காக்கிநாடாவில் இருந்தாள். புருஷன் நூகராஜுவிடம் சொல்லலாம். ஆனால் அவனைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய் உரிக்கிற கொட்டகை. நூகராஜு அங்கேதான் நாளெல்லாம் நிற்பான். தரையில் நட்ட கம்பியில் காயைக் குத்தித் திருப்பினால் மட்டை கழன்று விழும். நல்ல காலத்தில் அவன் கையைப் பார்க்கவே முடியாது, அத்தனை வேகம். இப்போது வருவதெல்லாம் புயலில் உதிர்ந்த இளசும் அழுகலும்தான். நாலு காய் உரித்துவிட்டு நாற்பது பேச்சுப் பேசினார்கள்.

அன்றைய பேச்சு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பற்றியது. சங்கராந்திக்கு வரப்போகிற படம், 'ரேவு ராஜு'. ரேவு என்றால் அந்த வட்டாரத்தில் படகுத்துறை. இதே பெயரில் இதே கதையை இருபது வருஷம் முன்னால் பூபதி நடித்திருந்தார். ஜமீனை எதிர்த்து நிற்கும் படகுக்காரனின் கதை. பூபதி ரசிகர் சங்கத்துக்கு ஊரில் நூகராஜுதான் பிரெசிடெண்ட். கொட்டகைத் தூணில் மாலை போட்ட பூபதி படம் தொங்கியது. புயலில் கூரை பறந்தபோது நூகராஜு முதலில் கழற்றி உள்ளே வைத்தது அதைத்தான்.

"கழி பிடிச்சிருக்கிறதப் பாருங்கடா," என்றான் நூகராஜு போஸ்டரைக் காட்டி. "தோசை திருப்புற மாதிரி பிடிச்சிருக்கான் ஹேமந்து."

"நம்ம பூபதிகாரு பிடிச்சார்னா ஆறே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும்," என்றார் டீக்கடை கன்னையா. சங்கத்துக்கு அவர் செக்ரட்டரி.

"பின்னே? அந்தப் படத்துக்காக மாசக் கணக்குல படகு தள்ளக் கத்துக்கிட்டவர்ரா அவர்."

"கத்துக்கிட்டது சரி பாபாய்," என்றான் தையல்காரன் பிரசாது. புதுப் பட ஹீரோ ஹேமந்தின் ஆள். பாபாய் என்று நூகராஜுவைச் சித்தப்பா முறை சொல்லிக் கூப்பிடுவான். வம்புக்கென்றே அங்கே வந்து உட்காருவான். "ஆனா பாட்டுல அவரு முன்னால தள்ளத் தள்ள படகு பின்னால போகுதே, அது எப்படி?"

"அது நீரோட்டம்டா!"

"ஓகோ. நீரோட்டமும் ஜமீன் கட்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நூகராஜு கம்பியில் ஒரு காயை ஓங்கிக் குத்தினான்.

"ஒருத்தர் ஒரு வேஷத்தக் கட்டி நின்னுட்டா அதை அப்படியே விட்டுடணும். கோயில் சிலை பழசாயிடுச்சுன்னு அதே இடத்துல புதுசு வைப்பியா?"

"வைக்கிறாங்களே, மூக்கு உடைஞ்சா."

"யாரு மூக்குடா உடைஞ்சது?"

"கோபப்படாதீங்க பாபாய். உங்க பழைய படமே கன்னடத்துலேர்ந்து எடுத்ததுதானே? அப்ப அங்க இருக்கிறவங்க, 'எங்க படத்த ஒருத்தன் கெடுத்துட்டான்'னு பூபதிய ஏசியிருக்கமாட்டாங்களா?"

இது தெரிந்த விஷயம். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"எடுத்தது இல்ல," என்றார் கன்னையா கடைசியில். "தத்து எடுத்தது. தத்துப்பிள்ளை நம்ம பிள்ளைதான்."

"அப்ப இதைப் பேரப்பிள்ளைன்னு வச்சுக்குங்க."

"பேரப்பிள்ளை பண்ணின காரியம் தெரியுமா? முடிவையே மாத்திட்டானுங்களாம். ராஜு சாகலையாம். ஆத்துல விழுந்தவன் எழுந்து வர்றானாம்."

"ரெண்டாவது பாகம் எடுக்கணும் இல்ல?" என்றான் பிரசாது. "அதுக்கு ஹீரோ உயிரோட இருக்கணுமே."

நூகராஜு கையிலிருந்த காயைக் கீழே போட்டான். பழைய படத்தின் முடிவில் ராஜு ஆற்றோடு போய்விடுவான். ஊரே தீப்பந்தத்தோடு கரையில் நிற்கும், ஆறு மட்டும் ஓடும், அதோடு படம் முடியும்.

"தண்ணில போனவன் போனவன்தான்டா. அவன் திரும்பி வந்தா கரையில நின்னு அழுத ஜனமெல்லாம் முட்டாளா? அவன் வராததுலதான் அந்தக் கதைக்கே மரியாதை."

பேச்சு வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழுந்தது. மங்கதாயாரின் கத்தி நின்றது. அந்தப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். பிறகு கன்னையா அவசரமாக, "அப்ப முடிவு என்ன பிரெசிடெண்ட்காரு? போறமா இல்லையா?" என்றார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான எதையும் முடிவு செய்தால் பூபதி படத்தின் முன்னால் தேங்காய் உடைத்துச் சொல்ல வேண்டும். தனக்காக மட்டும் சொன்னால் செல்லாது. தன் வீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூகராஜு இருந்ததில் நல்ல காயாகத் தேடி எடுத்தான்.

"நானோ, என் வாசப்படிக்கு உள்ள இருக்கிற யாருமோ அந்தப் படத்துக்குப் போகமாட்டோம்," என்றான்.

காய் உடைகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

சாயங்காலம் பொடிமீன் குழம்பும் சோறும் வைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். பாதிச் சோறு போனதும் அவள் சொன்னாள்.

"ஏங்க, அந்தப் படத்த நான் பார்க்கணும்."

"எந்தப் படம்?"

"எதுக்குத் தேங்கா உடைச்சீங்களோ அந்தப் படம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்தப் படம் வேண்டும், அந்தப் படம் வேண்டும் என்று கேட்டவள் இல்லை.

"அதுல சூரி இருக்கான்," என்றாள்.

போன மாசியில் படக்காரர்கள் சின்னலங்காவுக்கு வந்தார்கள். ஹேமந்துக்குக் கழி போடத் தெரியவில்லை. படகு வட்டம் அடித்தது. கடைசியில் அவரைப் படகின் முன்னால் கையைக் கட்டி நிற்கவைத்துவிட்டு, பின்முனையில் சூரிபாபுவை நிறுத்தித் தள்ளச் சொன்னார்கள். கதாநாயகன் முதன்முதலாகத் திரையில் வருகிற இடம் அது. அடுத்த வாரம் இறால் கொடுக்க வந்த சூரிபாபு அடுப்படியில் குந்தி உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். 'ஹீரோ வர்றப்போ பின்னால பாரு அக்கா. அவரு சும்மா நிப்பாரு. படகு ஓடறது என்னாலதான்.'

நூகராஜுவின் கை சோற்றிலேயே இருந்தது.

"எங்கிட்ட சொல்லலையே அவன்."

"சொல்லாதேன்னுட்டான். அவனோட பாவா நீங்க, தெரிஞ்சா வாசல்ல ஏத்தமாட்டீங்கன்னான்."

"அவனுக்கு மொதல் படம் காட்டினதே நான்தானே மங்கா. தோள்ல உட்காரவச்சுக் கூட்டிட்டுப் போனேன். என்னப் பாத்தா பயம்?"

"உங்களப் பாத்து இல்ல. பூபதியப் பாத்து."

அவன் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான்.

"முதுகுதானே தெரியும்?" என்றான்.

"முதுகு போதும்."

"தேங்கா உடைச்சிட்டேனே."

"கேட்டுச்சு."

"வீட்டையும் சேர்த்துச் சொல்லிட்டேன்."

"அதுவும் கேட்டுச்சு. என்னை யாரும் கேட்கல."

அவன் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினான். வாசலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

போகி வந்தது. அந்த வருஷம் போகிக்கு விறகு தேட யாரும் அலையவில்லை. தெருவுக்குத் தெரு தென்னந்துண்டுகளை அடுக்கிக் கொளுத்தினார்கள். தீ கூரை உயரத்துக்கு எழுந்தது. பிள்ளைகள்கூடப் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்று பார்த்தன. மங்கதாயாரு வாசலில் கோலம் போடவில்லை, பண்டிகை அரிசெலு சுடவில்லை. சூரிபாபு செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் தீட்டு இல்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, அதனால் பண்டிகையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அந்த வீடு மட்டும் வெறுமனே கிடந்தது.

படமும் அன்றைக்கே வந்தது. மத்தியானம் நூகராஜு கோழிச்சண்டை பார்க்கப் போனதும் அவள் வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

டாக்கீஸ் வாசலில் ஹேமந்தின் கட்அவுட்டுக்குப் பூமாலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் முன்னால் நின்ற துளசம்மா திரும்பிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"என்ன வதினா, நீங்களா? அண்ணன் கட்சி மாறிட்டாரா?"

"அவர் மாறல. நான் எந்தக் கட்சியிலயும் இல்ல. தம்பியப் பார்க்க வந்தேன்," என்றாள் மங்கதாயாரு.

உள்ளே பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். புயலில் பறந்த தகரத்துக்குப் பதில் புதுத்தகரம் போட்டிருந்தார்கள். சேராத இடங்களில் வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

படம் தொடங்கியதும் ஆறு வந்தது. பிறகு கரை வந்தது. கரை நெடுக தென்னை. ஒன்றன் பின் ஒன்றாக, நிமிர்ந்து, காற்றில் தலையை ஆட்டிக்கொண்டு. அதுவரை கத்திக்கொண்டிருந்த கொட்டகை மெல்ல அடங்கிப்போனது.

"அது எங்க தோப்புடி," என்றாள் யாரோ ஒரு பெண். "கடேசியில ரெட்டையா நிக்குது பாரு, எங்களோடது."

"சும்மா இரு, பார்க்க விடு."

துளசம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மங்கதாயாரு அழவில்லை. இடக்கையால் பெஞ்சுப் பலகையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ சின்னலங்கா வளைவு. இதோ நாணல். அதற்குப் பின்னாலிருந்து ஒரு படகின் மூக்கு வெளியே வந்தது.

அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. பெஞ்சின் மேல் ஏறினார்கள். சாக்கு சாக்காகக் கொண்டுவந்திருந்த காகிதக் கிழிசலை மேலே வீசினார்கள். தோள்துண்டுகள் சுழன்றன. ஒருவன் திரைக்கு முன்னால் ஏறிக் கற்பூரத் தட்டைக் காட்டினான். புகை எழுந்தது. வெள்ளையாகக் காகிதம் கொட்டிக்கொண்டே இருந்தது.

"உட்காருங்கடா! உட்காருங்களேன்டா!" என்று அவள் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. காகிதத்துக்கு நடுவே ஒரு கழியின் நுனி மேலே போய்க் கீழே வந்ததைப் பார்த்தாள். அடங்கியபோது திரையில் ஹேமந்த் ஜமீன் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை அந்தப் படகு வருமோ என்று. வரவில்லை. கடைசியில் கதாநாயகன் சேறு வழிய ஆற்றிலிருந்து எழுந்து வந்தபோது பெண்கள் கைதட்டினார்கள். அவள் எழுந்து, காலில் ஒட்டிய காகிதத்தை உதறிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு அவளுக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. தேங்காய்க் கொட்டகையில் நூகராஜுவின் முன்னால் கன்னையா நின்றிருந்தார்.

"இது உங்க வீட்டு விஷயம். நான் பேசக்கூடாது பாவா," என்றார். பேசினார். "ஆனா பிரெசிடெண்ட் வீட்டம்மாவே மொதல் நாள் போய் உட்கார்ந்தா, நாளைக்கு நான் யார் முகத்துல முழிக்கிறது? அந்த ஹேமந்த் பசங்க என் கடைக்கு வந்து, எங்க கட்சி அக்காவுக்கும் சேர்த்து டீ போடுன்னு சிரிக்கிறானுங்க."

"அவ தம்பியப் பார்க்கப் போனா," என்றான் நூகராஜு.

"தெரியும். துளசம்மா சொல்லிச்சு. எனக்கும் வருத்தம்தான். சூரிப்பய என் கடையில எத்தனை டீ குடிச்சவன்." கன்னையா கொஞ்சம் நின்றார். "அதுக்காகத் தேங்கா உடையாமப் போயிடுமா?"

அவர் தூணிலிருந்து பூபதி படத்தைக் கழற்றி, மாலை சரியாமல் பார்த்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். நூகராஜு தடுக்கவில்லை. தூணில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

உள்ளே வந்தவன் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான். அவள் வெறும் மிளகுச்சாறு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவான் என்று நினைத்தாள்.

"பார்த்தியா?" என்றான்.

"இல்ல."

"போனியே."

"காகிதம்."

அவனுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பூபதி படம் ஒவ்வொன்றுக்கும் பழைய பேப்பரைச் சாக்குக் கணக்கில் கிழித்துக் கொண்டுபோனவன். கிழித்துக் கொடுத்தவள் அவள்.

"மொதல் நாள் போய் யாராவது படம் பார்ப்பாங்களா? மொதல் நாள் போறது நாங்க வந்திருக்கோம்னு காட்ட."

"எனக்கெப்படித் தெரியும்? ஒரு நாளாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

அவன் நிலைச்சட்டத்தை நகத்தால் சுரண்டினான். பிறகு, "கனுமுப் பண்டிகை முடியட்டும். கூட்டம் வடியும்," என்றான்.

கூட்டம் வடிந்தது. ஒரேயடியாக வடிந்துவிட்டது. ஊரில் யார் கையிலும் காசு இல்லை. பார்த்தவர்களும் படத்தை விட்டுவிட்டுத் தென்னையைப் பற்றியே பேசினார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து வேறு படம் என்று டாக்கீஸ்காரர் தட்டி வைத்தார். மிச்சமிருந்தது வியாழக்கிழமை ஒரு நாள்தான்.

வியாழக்கிழமை அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது நூகராஜு இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். கன்னையாவின் டீக்கடை வந்ததும் அவன் வேகத்தைக் கூட்டவில்லை. கடையில் பேச்சு நின்றது. பாய்லர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. யாரும், 'எங்கே பிரெசிடெண்ட்காரு?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்கீஸில் அவன் ஆண்கள் பக்கம் போனான், அவள் பெண்கள் பக்கம். அவள் பக்கத்தில் வேறு யாருமே இல்லை. அத்தனை பெஞ்சும் அவளுக்குத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பிரசாதுவும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் முன்வரிசையில் கால்நீட்டிக் கிடந்தார்கள். பின்னால் எங்கோ இருட்டில் நூகராஜு.

ஆறு வந்தது. தென்னைகள் வந்தன. இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. நாணலுக்குப் பின்னாலிருந்து படகு வெளியே வந்தது. முன்னால் ஹேமந்த் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பின்முனையில் சூரிபாபு நின்றான். தலையில் துண்டு. ஈரத்தில் ஒட்டிய பனியன். இடதுதோளை இறக்கிக் கழியைத் தண்ணீரில் விட்டான், உடம்பைச் சாய்த்துத் தள்ளினான், கையை மாற்றி மாற்றி மேலே இழுத்தான். மறுபடி விட்டான். அவசரமே இல்லை. பின்கழுத்தில் சின்ன வயதில் கட்டி வந்து ஆறிய குழி இருக்கிறதா என்று அவள் தேடினாள். அதற்குள் படகு திரும்பிவிட்டது.

திரும்புவான் என்று நினைத்தாள். ஒருமுறை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாவது. திரும்பவில்லை. கேமராவைப் பார்க்காதே என்று சொல்லியிருப்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிறவன் அவன்.

ஹேமந்த் கரையில் குதித்தார். திரை அவரோடு போயிற்று. படகு ஓரத்துக்கு நகர்ந்தது. கொஞ்சம் முதுகு, ஒரு முழங்கை, கழி. ஹேமந்த் வசனத்துக்கு வாய் திறந்தபோது திரையின் விளிம்பில் மிச்சமிருந்தது கழி மட்டும்தான்.

அப்போது ஆண்கள் பக்கத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. இரண்டு விரலை நாக்கின் அடியில் மடித்து அடிக்கிற விசில். காலியான கொட்டகையில் தகரம் அதிர்ந்தது.

முன்வரிசையில் பிரசாது துள்ளி எழுந்து திரும்பினான்.

"பாபாய்! நீங்களா? எங்க ஹேமந்துக்கா?" அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஹீரோ இறங்கிப் போயி எவ்வளவு நேரமாச்சு, இப்ப அடிக்கிறீங்களே!"

மங்கதாயாரு சுவரின் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் இருட்டு. அவன் இன்னொரு தடவை விசிலடிக்கப் பார்த்தது மட்டும் கேட்டது. விசில் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.